சாம்பல் மணியின் வேகம்

வடசென்னை அனல் மின் நிலையத்தின் கொதிகலனில் பொடித்த நிலக்கரி எரியும்போது வெப்பநிலை 1,400 டிகிரியைத் தாண்டுகிறது. கரியோடு கலந்திருக்கும் களிமண்ணும் மணலும் அந்தச் சூட்டில் உருகித் துளிகளாகின்றன. பரப்பு இழுவிசை ஒவ்வொரு துளியையும் உருட்டி விடுகிறது. புகையோடு பறக்கும் வழியிலேயே துளி குளிர்ந்து இறுகிவிடும். அந்தச் சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பாருங்கள். தூசி போலத் தெரிந்ததில் பெரும்பகுதி கண்ணாடி உருண்டைகள். சிலவற்றின் உள்ளே வெறும் வாயுதான். அவை தண்ணீரில் மூழ்காமல் வெண்ணிற ஆடையாக மிதக்கும். இயற்பியல் பாடநூல் ‘ஒரு சிறு கோளத்தை எடுத்துக்கொள்வோம்’ என்று தொடங்கும்போது, அப்படியொரு பொருள் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று மாணவருக்குத் தோன்றும். இந்த மின் நிலையம் இருக்கும் அத்திப்பட்டில் அது டன் கணக்கில் இருக்கிறது.

இந்த மின் நிலையத்தின் முதல் அலகு 1994-ல் ஓடத் தொடங்கியது. மூன்று 210 மெகாவாட் அலகுகள், பின்பு இரண்டு 600 மெகாவாட் அலகுகள் என்று வளர்ந்தது. பக்கத்தில் 2001-ல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், முதன்மையாக இங்கே எரியும் கரியை இறக்குவதற்காகவே கட்டப்பட்டது. இந்தியக் கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அதில் ஒரு பகுதியை உலர்ந்த நிலையிலேயே பிடித்து சிமென்ட் ஆலைக்கும் செங்கல் தயாரிப்பாளர்களுக்கும் அனுப்புகிறார்கள். மீதியைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். அந்தக் குழாய்கள் கசிந்ததும், கொசஸ்தலை ஆற்றின் படுகையிலும் அலையாத்திச் செடிகளின் காலடியிலும் சாம்பல் படிந்ததும், கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் பாடு திண்டாட்டமானதும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயங்கள்.

அந்த வழக்குகளுக்கு அடியில் ஒரு இயற்பியல் கேள்வி இருக்கிறது. குளத்துக்குள் வந்து விழும் ஒரு சாம்பல் மணி அடியில் படிய எவ்வளவு நேரம் ஆகும்? படிவதற்கு முன்பே தண்ணீர் குளத்தை விட்டு வெளியேறினால் மணியும் கூடவே போய்விடும். ஆகவே மணியின் வேகம் தெரிய வேண்டும்.

நீரின் ஓட்டம் முழுவதையும் சொல்லும் சமன்பாடு நம் கையில் இருக்கிறது. அதன் பெயர் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு. வயது 170-க்கு மேல். ஆனால் அதைப் பொதுவாகத் தீர்க்கும் வழி இன்றுவரை யாருக்கும் தெரியாது. கணிப்பொறியிடம் விட்டுவிடலாமா? ஒரு லிட்டர் தண்ணீரில் கனஅளவில் நூற்றுக்கு ஒரு பங்கு சாம்பல் இருக்கிறது, எல்லா மணிகளும் 20 மைக்ரான் விட்டம் கொண்டவை என்று வையுங்கள். அந்த ஒரு லிட்டரில் இருப்பவை ஏறத்தாழ 240 கோடி மணிகள். ஒவ்வொன்றையும், அதைச் சுற்றியோடும் தண்ணீரையும் சேர்த்துப் பின்தொடர்வது இன்றைய கணிப்பொறிகளுக்கும் எட்டாத வேலை. குளத்தில் இருப்பதோ லட்சக்கணக்கான கன மீட்டர் தண்ணீர்.

பாய்ம இயக்கவியலை முதுகலையில் எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் கற்கும் பகுப்பாய்வு முறைகளுக்கு இங்கேதான் வேலை. அவற்றின் சாரம் இதுதான்: சமன்பாட்டில் எந்த உறுப்பைத் தூக்கி எறியலாம், எந்த எல்லை வரை எறியலாம், எல்லை தாண்டினால் என்ன கெடும் என்று முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்வது. கணக்கைப் போடுவதை விட இந்த அளவைக்கு அதிக நிதானம் வேண்டும். இதில் தேர்ந்தவர் பேப்பரில் நாலு வரி எழுதி, ஒரு மாதக் கணிப்பொறி வேலையை மிச்சப்படுத்துவார். பல நேரங்களில் அந்தக் கணிப்பொறி வேலை தவறான கேள்விக்குச் செய்யப்படாமலும் காப்பாற்றுவார்.

முதல் அளவை ரெனால்ட்ஸ் எண். நகரும் தண்ணீருக்கு அதே போக்கில் தொடர்ந்து போக வேண்டும் என்ற நிலைமம் உண்டு. அடுக்குக்கு அடுக்கு உராயும் பாகுநிலையும் உண்டு. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவது ரெனால்ட்ஸ் எண். கூவத்திலோ கொசஸ்தலையிலோ ஓடும் தண்ணீருக்கு அது லட்சங்களில் இருக்கும். நம் 20 மைக்ரான் மணிக்கு அது 0.0075 மட்டுமே. அந்த மணியின் உலகத்தில் நிலைமம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அப்படியானால் நிலைம உறுப்பை வெட்டிவிடலாம். வெட்டியதும், தீர்க்க முடியாத சமன்பாடு தீர்க்கக்கூடியதாகிவிடுகிறது.

அதைத் தீர்த்தவர் கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். ஆண்டு 1851. அவருடைய அக்கறை சாம்பலில் இல்லை. ஊசல் ஆடும்போது காற்று அதை எவ்வளவு தடுக்கிறது என்பதே அவர் எழுதிய நீண்ட கட்டுரையின் பொருள். அதில் வந்த விடையைத்தான் நம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்டோக்ஸ் விதி என்று படிக்கிறார்கள். கோளத்தின் மீதான தடை, அதன் ஆரத்துக்கும் வேகத்துக்கும் நீரின் பாகுநிலைக்கும் நேர்விகிதம். முன்னால் நிற்கும் மாறிலி ஆறு பை. இந்தத் தடையில் மூன்றில் இரண்டு பங்கு மேற்பரப்பு உராய்விலிருந்தும் ஒரு பங்கு முன்பக்க பின்பக்க அழுத்த வேறுபாட்டிலிருந்தும் வருகிறது.

மிதப்பு விசை போக மிஞ்சும் எடைக்கும் தடைக்கும் சமன் ஏற்படும்போது மணி முற்றுத்திசைவேகத்தை அடைகிறது. அது விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சாம்பலின் அடர்த்தி தண்ணீரைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம், தண்ணீரின் வெப்பநிலை 30 டிகிரி என்று கொண்டு போட்டுப் பார்ப்போம். 100 மைக்ரான் மணி ஒரு மீட்டர் ஆழத்தை இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் கடந்துவிடும். 20 மைக்ரான் மணிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். 2 மைக்ரான் மணிக்கு நாலு நாள். மூன்றுமே ஒரே கொதிகலனில், ஒரே நொடியில் பிறந்தவை.

இந்த ‘வர்க்கம்’ என்ற ஒரு சொல்லுக்குள் செப்பாக்கத்தின் துன்பம் பாதி அடங்கிவிடுகிறது. பெருமணிகள் குழாய் வாயருகிலேயே விழுந்து மேடு கட்டும். நுண்மணிகள் தண்ணீரோடு கடைசி வரை பயணம் செய்யும். வெளியே கசிவதும் காய்ந்தபின் காற்றில் பறப்பதும் மூச்சில் போவதும் இந்த நுண்மணிகளே.

இனி ஸ்டோக்ஸ் வெட்டி எறிந்ததைத் திரும்பிப் பார்ப்போம். 1889-ல் ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட், பிற்காலத்தில் தத்துவவாதியாகப் பெயர்பெற்ற அதே வைட்ஹெட், ஸ்டோக்ஸின் விடைக்கு ஒரு சிறு திருத்தம் சேர்க்க முயன்றார். நிலைமம் சிறியது என்றால் அதன் விளைவும் சிறியதாக இருக்க வேண்டும். முதல் விடையை வைத்துக்கொண்டு வெட்டிய உறுப்பை மதிப்பிட்டு, அதற்கேற்ற திருத்தத்தைக் கண்டுபிடித்துவிடலாம். வழி நேரானதுதான். ஆனால் திருத்தத்துக்குத் தீர்வே கிடைக்கவில்லை. கோளத்தின் பரப்பில் சரிப்படுத்தினால் தொலைவில் உதைத்தது. இதை வைட்ஹெட் முரண் என்கிறார்கள்.

எங்கே கோளாறு என்று 1910-ல் காட்டியவர் ஸ்வீடனின் கார்ல் வில்ஹெல்ம் ஓசீன். (ஐன்ஸ்டைனுக்கு ஒளிமின் விளைவுக்காக நோபல் பரிசு கிடைக்கும்படி குழுவுக்குள் வாதாடியவரும் இவரே.) ரெனால்ட்ஸ் எண் 0.0075 என்று சொன்னோமே, அது மணியின் அருகே உள்ள நிலை. மணியிலிருந்து விலகிப் போகப் போகப் பாகுநிலையின் பிடி நிலைமத்தை விட வேகமாகத் தளர்கிறது. ஒரு தொலைவில் இரண்டும் சமம். அதற்கு அப்பால் நிலைமமே பெரியது. எவ்வளவு தொலைவு? நீரின் இயக்கப் பாகுநிலையை மணியின் வேகத்தால் வகுத்தால் போதும். நம் 20 மைக்ரான் மணிக்கு அது சுமார் 2.7 மில்லிமீட்டர். மணியின் ஆரத்தைப் போல 270 மடங்கு. அதற்குள் ஸ்டோக்ஸ் சரி, அதற்கு வெளியே தவறு.

ஓசீன் தந்த திருத்தம் 20 மைக்ரான் மணியின் தடையை ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவாகவே கூட்டுகிறது, மறந்துவிடலாம். 100 மைக்ரான் மணிக்கோ ரெனால்ட்ஸ் எண் ஒன்றை நெருங்கிவிடுவதால் தடை 18 சதவீதம் கூடுகிறது. ஆகவே மேலே சொன்ன ‘இரண்டு நிமிடம்’ உண்மையில் இரண்டரை நிமிடம்.

முழு விளக்கம் 1957-ல்தான் வந்தது. அமெரிக்காவில் சால் காப்லுன், லாகர்ஸ்ட்ராம். கேம்பிரிட்ஜில் பிரௌட்மன், பியர்சன். அருகே ஒரு கணக்கு, தொலைவில் வேறொரு கணக்கு. இரண்டையும் தனித்தனியே தீர்த்து, இரண்டும் செல்லுபடியாகும் இடைவெளியில் ஒன்றோடொன்று பொருத்திவிட வேண்டும். பிரித்துப் பொருத்தும் இந்த முறை இன்று பாய்ம இயக்கவியலின் முதுகலைப் பாடங்களில் உண்டு. விமான இறக்கையின் மேல் ஒட்டியோடும் எல்லைப் படலத்துக்கு 1904-லேயே பிராண்டல் செய்ததும் அடிப்படையில் இதுதான். பொருத்திப் பார்த்தபோது அடுத்த திருத்தத்தில் யாரும் எதிர்பாராத மடக்கை உறுப்பு ஒன்று முளைத்தது. ஒரு சிறு உருண்டை தண்ணீரில் மூழ்குவதற்குள் இவ்வளவு இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இப்போது செப்பாக்கத்துக்கு வருவோம். பாடநூல்கள் பெரும்பாலும் கேட்காத ஒரு கேள்வியை இங்கே கேட்டாக வேண்டும். நாம் விட்டுவிட்ட விஷயங்களில் எது முதலில் கடிக்கும்? நிலைமம் 2.7 மில்லிமீட்டரில் தலைகாட்டுகிறது. ஆனால் நூற்றுக்கு ஒரு பங்கு சாம்பல் உள்ள தண்ணீரில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே சராசரி தூரம் 75 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பதின்மூன்றில் ஒரு பங்கு. நிலைமம் எட்டிப் பார்ப்பதற்கு வெகு முன்பே அண்டை மணி வந்துவிடுகிறது. வைட்ஹெட்டும் ஓசீனும் மல்லுக்கட்டிய சிக்கல் இந்தக் குளத்தின் 20 மைக்ரான் மணிக்குப் பொருட்டே இல்லை. தனி மணி என்ற கற்பனைதான் முதலில் உடைகிறது. இரண்டு நீளங்களை எழுதி ஒப்பிட்டவுடன் இது தெரிந்துவிடுகிறது. சமன்பாடு எதையும் தீர்க்கவில்லை.

மூழ்கும் கோளம் சுற்றியுள்ள தண்ணீரையும் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுப்பு தொலைவுக்கு எதிர்விகிதத்தில், மிக மெதுவாகவே தேய்கிறது. 75 மைக்ரான் தள்ளியிருக்கும் மணி, அது இருக்கும் திசையைப் பொறுத்து, முதல் மணியின் வேகத்தில் பத்திலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்கு வரை உணரும். அடுத்த வளையத்தில் இருப்பவை குறைவாக இழுக்கும், ஆனால் எண்ணிக்கையில் அதிகம். வளையம் வளையமாகக் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை முடிவிலியை நோக்கி ஓடுகிறது. ஒரு சாம்பல் மணி முடிவிலா வேகத்தில் விழும் என்று கணக்கு சொல்கிறது! எங்கேயோ ஒன்றை மறந்துவிட்டோம்.

மறந்தது குளத்தின் தரையை. கீழே போகும் சாம்பலின் இடத்தை நிரப்பத் தண்ணீர் மேலே வந்தே ஆக வேண்டும், ஏனெனில் அதற்குப் போக வேறு வழி இல்லை. ‘கீழே போவதும் மேலே வருவதும் மொத்தத்தில் பூச்சியம்’ என்ற ஒரே நிபந்தனையைக் கூட்டுத்தொகைக்குள் கவனமாக நுழைத்து, முடிவிலியைக் கரைத்தவர் ஜார்ஜ் பாச்சிலர். 1972-ல் அவர் தந்த விடை எளிமையானது: சாம்பலின் கன அளவுப் பங்கை 6.55-ஆல் பெருக்கினால் வரும் அளவுக்கு வேகம் குறைகிறது. ஒரு சதவீதச் சாம்பல் என்றால் ஆறரை சதவீதம் மெதுவாக விழும். குழம்பு இதைவிடக் கெட்டியானால் இந்தச் சூத்திரம் போதாது. ரிச்சர்ட்சனும் ஜாக்கியும் 1954-ல் சோதனையிலிருந்து எடுத்த விதியைத்தான் பொறியாளர்கள் கையாள்கிறார்கள்.

கூட்டம் மெதுவாக விழும் என்ற இந்த முடிவு சாம்பல் எங்கும் சீராகப் பரவியிருக்கும்போது மட்டும் சரி. அதே ஒரு சதவீதக் குழம்பு தெளிந்த நீரின் நடுவே ஒரு சிறு திட்டாக இருந்தால் கதை தலைகீழாகிவிடும். திட்டைச் சுற்றித் தண்ணீர் மேலே போகத் தாராளமாக இடம் உண்டு. அப்போது திட்டு முழுவதும் ஒரே பெரிய கனத்த துளி போல விழும். இரண்டு மில்லிமீட்டர் அகலத் திட்டுக்கு ஸ்டோக்ஸ் கணக்குப் போட்டால் தனி மணியைப் போல நூறு மடங்கு வேகம் வருகிறது; அந்த வேகத்தில் நிலைமம் திரும்ப வந்து ஸ்டோக்ஸ் கணக்கையே செல்லாததாக்கிவிடும். சீராகக் கலந்த கூட்டம் தனி மணியை விட மெதுவாகவும், திட்டாகத் திரண்ட கூட்டம் வேகமாகவும் விழுகின்றன. மணி அதேதான், தண்ணீரும் அதேதான்.

கலங்கல் அடுக்கு மேலேயும் தெளிந்த அடுக்கு கீழேயும் அமைந்தால் என்ன நடக்கும் என்பது இதற்கு அடுத்த கேள்வி. கனமானது இலேசானதன் மேல் நிற்காது. எல்லைக்கோடு நெளிந்து, விரல்கள் போல இறங்கும். எந்த அகலமுள்ள நெளிவு முதலில் வளரும் என்று கணக்கிடும் முறையை ஒரு முழு அத்தியாயமாக எழுதி வைத்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன்களுக்காகப் பெயர்பெற்ற அவர், பாய்மங்களின் நிலைப்பாடு குறித்து 1961-ல் வெளியிட்ட பெருநூல் இன்றும் முதுகலை மாணவர் மேசையில் இருக்கிறது. தமிழில் சந்திரசேகரைப் பற்றி எழுதும்போது வெண்குள்ள விண்மீன்களின் நிறை வரம்பை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்தப் பாய்மவியல் நூலும் நமக்கு உரியதே. அதைப் பற்றியும் பேச வேண்டும்.

குழாயைப் பற்றிச் சுருக்கமாக. அதற்குள் ஓட்டம் கொந்தளிப்பானது; ஸ்டோக்ஸ் முறைகளுக்கு அங்கே இடமில்லை. அங்கேயும் ஒரு விகிதம் கை கொடுக்கிறது: மணி விழும் வேகத்தைக் கொந்தளிப்பின் கிளறும் வேகத்தோடு ஒப்பிடுவது. தண்ணீர் நொடிக்கு இரண்டு மீட்டர் ஓடினால், 20 மைக்ரான் மணிக்கு இந்த விகிதம் நூறில் ஒரு பங்குக்கும் கீழ்; அது குழாய் முழுவதும் சீராகப் பரவிவிடும். கொதிகலனின் அடியில் விழும் மில்லிமீட்டர் அளவுக் கரடுமுரடான அடிச்சாம்பலுக்கு விகிதம் ஒன்றைத் தாண்டுகிறது. அது குழாயின் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே உருளும். அதனால்தான் இத்தகைய குழாய்கள் முதலில் அடியில் ஓட்டையாகின்றன. அடிப்பக்கம் தேய்ந்ததும் குழாயைச் சற்றுத் திருப்பிப் போட்டு ஆயுளை நீட்டுவது சாம்பல் குழாய்களைப் பராமரிக்கும் இடங்களில் வழக்கம். திருப்ப வேண்டிய காலத்தில் திருப்பாமல் விட்டால் கழிமுகம் சாம்பல் குடிக்கும்.

கடைசியாகக் குளம். 1904-ல் ஆலன் ஹேசன் என்ற அமெரிக்கப் பொறியாளர் குடிநீர்த் தொட்டிகளுக்காகக் கண்டறிந்த உண்மை ஒன்று இங்கே அப்படியே பொருந்துகிறது. குளத்தின் ஆழம் இரட்டிப்பானால் மணி விழவேண்டிய தூரம் இரட்டிப்பாகும். அதே வேளையில் தண்ணீரின் நகர்வு பாதியாகி, அவகாசமும் இரட்டிப்பாகும். ஆழம் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது ஒரே ஒரு விகிதம்: நொடிக்கு உள்ளே வரும் தண்ணீரின் அளவு, வகுத்தல், தண்ணீர் பரவியிருக்கும் பரப்பு. இது ஒரு வேகம். இதைவிட வேகமாக விழும் மணி குளத்தில் தங்கும். மெதுவாக விழும் மணிகளில் ஒரு பகுதி தப்பிவிடும்.

உதாரணத்துக்கு எண்கள் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர், பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர். ஒன்றேகால் மைக்ரான் அளவு நுண்ணிய மணிகள் கூடப் படிந்துவிடும். வெளியேறும் நீர் ஏறக்குறையத் தெளிவாக இருக்கும். ஆனால் குளம் தூர்ந்து மேடு தட்டினால் தண்ணீர் பரப்பு முழுவதும் பரவாமல் ஒரு வாய்க்காலை அறுத்துக்கொண்டு குறுக்கே ஓடும். உண்மையில் பயன்படும் பரப்பு இருபதில் ஒன்றாகிவிட்டது என்று வையுங்கள். இப்போது ஐந்து மைக்ரான் வரையுள்ள மணிகள் தப்பிக்கின்றன. வரைபடத்தில் குளத்தின் பரப்பு அதேதான், கரையும் அதேதான், அதிகாரப்பூர்வக் கொள்ளளவு கூட ஏட்டில் மாறியிருக்காது. கரையை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்துவது இந்த நோய்க்கு மருந்தாகாது. தண்ணீரைப் பரவச் செய்வதும் உள்ளே விடும் அளவைக் குறைப்பதும்தான் மருந்து. உலர் சாம்பலாகவே முழுவதையும் எடுத்துவிட்டால் கேள்வியே எழாது.

மேலே சொன்ன கணக்குகளில் பெரும்பாலானவற்றைப் பதினோராம் வகுப்பு முடித்த பிள்ளை போட்டுவிட முடியும். எந்தக் கணக்கைப் போடவேண்டும் என்று தெரிவு செய்வதற்குத்தான் ஸ்டோக்ஸிலிருந்து பாச்சிலர் வரை 120 ஆண்டுகள் பிடித்தன. அந்த உழைப்பின் பலன் இன்று எவருக்கும் இலவசம்.

சாம்பல் குளம் உள்ள ஒவ்வொரு ஊரிலும் இரண்டு எண்களைக் குளத்தின் வாயிலிலேயே மாதாமாதம் தமிழில் எழுதி வைக்க வேண்டும்: உள்ளே வரும் தண்ணீர் நொடிக்கு எவ்வளவு, தண்ணீர் உண்மையில் பரவி நிற்கும் பரப்பு எவ்வளவு. முன்னதைப் பின்னதால் வகுத்து, எந்த அளவு மணி வரை தம் ஆற்றுக்குள் வருகிறது என்பதைச் செப்பாக்கத்துப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.